அக்கா தங்கை இல்லாத தோள்கள்

அன்று அடுப்பறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இரும்படுப்புக்கு வலப்பக்கம், ஜன்னலோரக் கம்பளத்தில், ஊர்த்தெய்வத்தின் காரியஸ்தர் தாகுர்சேன். அவருக்கு அடுத்தாற்போல், தபால் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற அமீர்சந்த், மடியில் மூன்று நாள் பழைய பேப்பருடன். எதிர்ச்சுவரில் சாய்ந்து வீட்டுக்காரன் நர்பீர். அடுப்பு வாயருகே அவன் மனைவி பூப்மணி ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். கதவோரம், விறகு அடுக்குக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே, நர்பீரின் அக்கா கியான்மோதி. கல்யாணம் ஆகாதவள். வயது ஐம்பத்திரண்டு. பத்து வயதில் அந்த இடத்தில் உட்கார ஆரம்பித்தாள். யார் எதைக் கேட்டாலும் எழுந்து எடுத்துக் கொடுக்கத் தோதான இடம் அது.

அடுப்புக்கு இடப்பக்கக் கம்பளம் காலியாகக் கிடந்தது. அது அப்பாவின் இடம். மாசி மாதப் பனியில் அவர் போனதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை.

அமீர்சந்த் பேப்பரை விரித்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, முத்திரை குத்துகிற நிதானத்தோடு படித்தார். பழங்குடி மாவட்டங்களிலும் இனி மகன்களைப் போலவே மகள்களுக்கும் தகப்பன் சொத்தில் சமபங்கு உண்டு என்று ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ராஜா காலத்து வழக்கேட்டைக் காட்டி மறுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது.

அந்த வழக்கேடு சுர்னாங் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நிலம் ஆண்பிள்ளைக்கு. கட்டிக்கொடுத்த மகளுக்கு நகையும் பாத்திரமும். கட்டாத மகளுக்கு உயிர் இருக்கும் வரை சோறும் ஓர் அறையும்.

"இதைத்தான் நிலக்கணக்கு எழுதற பட்வாரியும் சொன்னார்," என்றான் நர்பீர். "அப்பா பேர்ல இருக்கறதை என் பேருக்கு எழுதணும்னா, அக்கா தனக்குப் பங்கு வேண்டாம்னு ஒரு கடுதாசி குடுக்கணுமாம். முன்னெல்லாம் இது கிடையாது. இப்ப இந்த ஜட்ஜு பண்ணின வேலை."

"எனக்கு ஒண்ணு புரியல," என்றார் தாகுர்சேன். பச்சை மடிப்புத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார். அவர் தொப்பியைக் கழற்றினால் பேச்சு நீளும். "இத்தனை வருஷமா நம்ம பொண்ணுங்க இருக்கறதே கோர்ட்டுக்குத் தெரியாது. பாலம் அடிச்சுக்கிட்டுப் போய் எட்டு மாசம் கிடந்தோமே, எவனாவது கேட்டானா? இப்ப எங்கேயிருந்து பொங்கிச்சு இந்தப் பாசம்?"

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகிறாராம்," என்றார் அமீர்சந்த்.

"அப்படிச் சொல்லு! போற போக்குல அடுத்தவன் வீட்டுச் சாவியைத் தானம் பண்ணிட்டுப் போறார். பேப்பர்ல பேர் வரும். அப்புறம் ஏதாவது கமிஷன்ல நாற்காலி போடுவாங்க."

பூப்மணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "அவருக்கு மூணும் பொண்ணாம் மாமா. என் தம்பி சொன்னான்."

"உன் தம்பிக்கு எப்படித் தெரியும்?"

"அவன் கார் ஓட்டறான்ல."

"ஜட்ஜுக்கா?"

"ஜட்ஜுக்கு இல்ல. ஜட்ஜு வீட்டுக்குப் பால் ஊத்தறவனோட மச்சானுக்கு."

"பால்காரன் மச்சானுக்கெல்லாம் டிரைவரா! நாமதான் ஆப்பிள் வெச்சுக் கெட்டோம்," என்றார் அமீர்சந்த்.

"டாக்சி மாமா. சவாரிக்கு வந்தான், பேசிக்கிட்டே வந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தாகுர்சேன் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. நம்ம நிலத்தை வெளியாள் வாங்க முடியாது. அது ஒண்ணுதான் நமக்கு வேலி. பொண்ணுக்குப் பங்கு குடு, அவ கீழ்ச்சீமைக்காரனைக் கட்டுவா, அவன் பிள்ளை பேருக்கு நிலம் போகும். நாலு வருஷத்துல கரண்டுக்காக ஆத்துல சுரங்கம் தோண்டறவன் உன் தோட்டத்துல ஷெட் போடுவான். ஜட்ஜு பேனாவைப் பிடிச்சது யார் கைன்னு யோசிக்கணும்."

கியான்மோதி உப்பு டீயை ஒவ்வொருவர் கிண்ணத்திலும் ஊற்றிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் சந்தேகம் இருந்தது. இவர்கள் சந்தேகம் வேறு, அவள் சந்தேகம் வேறு. ஐம்பத்திரண்டு வருஷத்தில் கேட்காமல் யாரும் அவளுக்கு ஒரு சீப்புக்கூட வாங்கித் தந்ததில்லை. முகம் தெரியாத ஒருவர், எங்கோ கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதற்காக அவளுக்குப் பாதித் தோட்டம் தர வேண்டும்? அவருக்கு அவளிடமிருந்து என்ன வேண்டும்?

"அமீர் மாமா எழுதிடுவார். ஒரு கையெழுத்துத்தான் அக்கா," என்றான் நர்பீர். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஆப்பிள் இறக்கி முடியட்டும்," என்றாள் அவள். "அப்புறம் பார்க்கலாம்."

அந்த வீட்டில் அவள் எதையும் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பூப்மணி அடுப்பில் போட்டிருந்த ரொட்டி தீய்ந்த வாசனை வந்தது.

"சரி," என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார் தாகுர்சேன். "தெய்வத்தையே கேட்டுடுவோம். தெய்வத்துக்கு ரிட்டயர்மென்டும் இல்ல, மூணு பொண்ணும் இல்ல."

ஆப்பிள் இறக்க இருபது நாள் ஆயிற்று. மேல்தட்டு இரண்டும் அப்பா வைத்தவை. ஓடையை ஒட்டிய கீழ்த்தட்டு கியான்மோதி வைத்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயதாயிருக்கும்போது அங்கே கல்லும் முள்ளும்தான். கல்லைப் பொறுக்கிச் சுவர் கட்டி, ஆற்றங்கரையிலிருந்து முதுகுக் கூடையில் வண்டல் சுமந்து நிரப்பினாள். நாற்பது கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி, பாலம் இல்லாத வருஷம், கம்பிக் கயிற்றுத் தொட்டிலில் சட்லெஜைத் தாண்டிக் கொண்டுவந்தாள். நர்பீர் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம்தான் பஸ்பா ஆற்றங்கரையிலிருந்து ஒருவன் பெண் கேட்டு வந்தான். ஆட்டு ரோமம் வாங்கி விற்பவன். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அம்மா படுக்கையில் கிடந்தாள். கன்றுகள் வேர் பிடிக்கவில்லை. "மரம் காய்க்கட்டும், வர்றேன்," என்று சொல்லியனுப்பினாள் கியான்மோதி. மரம் காய்க்க ஏழு வருஷம். அவன் மூன்று வருஷம் காத்திருந்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அவள் இன்றைக்கும் நினைக்கிறாள். இப்போது அவன் முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை, அந்தக் குழியைத் தவிர.

அப்பா மட்டும் கத்தரிக்கும் காலத்தில் கேட்பார்: "உன் மரம் எப்படியிருக்கு?" தோட்டத்தில் இருவர் மட்டும் இருக்கும்போதுதான் கேட்பார். நாலு பேர் நடுவே அது "நர்பீர் தோட்டம்". அந்த 'உன்' என்கிற ஒரு சொல்லுக்காக அவள் மாசிக் குளிரில், விரல் மரத்துப்போக, மற்றவர்களுக்கு முன்னால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். இந்த வருஷம் கத்தரிக்கும்போது யாரும் கேட்கவில்லை.

பழத்தைத் தரம் பிரித்து, காகிதத்தில் சுற்றி, பெட்டியில் அடுக்கி ஆணி அடித்த பிறகு, பெட்டியின் நெற்றியில் தோட்டக்காரர் பெயர் போட வேண்டும். எழுத்து வெட்டிய தகடு ஒன்று இருக்கிறது. அதைப் பலகையில் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால் பெயர் விழும். நர்பீர் சிங் நேகி, சுர்னாங். அந்த வேலை முதல் காய்ப்பிலிருந்து கியான்மோதியுடையது. தகடு நகராமல் பிடிக்க அவளுக்குத்தான் வரும். ஒரு பருவத்துக்கு அறுநூறு பெட்டி. அந்தப் பெயரை அவளளவுக்கு எழுதியவர்கள் இந்த உலகத்தில் யாரும் இருக்க முடியாது.

"மதினி," என்றாள் பூப்மணி. இருவரும் பழக்குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்கள் மேல்தட்டில் இருந்தார்கள். "கோபிக்காம ஒண்ணு சொல்லட்டா?"

"கோபிக்கற மாதிரிதான் சொல்லுவ. சொல்லு."

"நீங்க பங்கு கேட்டா என் அடுப்புல இருந்து போகுது."

"தெரியும்."

"கேக்கலேன்னா, நாளைக்கு எங்க வீட்டுல போய் என் அண்ணன்மார்கிட்ட நான் எந்த வாயால கேப்பேன்? உன் நாத்தனாரே கேக்கலியேம்பாங்க." அழுகல் பழம் ஒன்றைப் பின்னால் வீசினாள். "ராத்திரியெல்லாம் இதே யோசனை. ஒரு பக்கம் படுத்தா நீங்க கையெழுத்துப் போடணும்னு இருக்கு. புரண்டு படுத்தா போடக் கூடாதுன்னு இருக்கு."

"மல்லாந்து படு."

பூப்மணி சிரித்துவிட்டாள். கியான்மோதியும் சிரித்தாள். பிறகு மைத்துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த ஜட்ஜு எதுக்குத்தான் எழுதியிருப்பார் பூப்மணி? உனக்கு என்ன தோணுது?"

"பேருக்குத்தான். இல்லேன்னா பொண்ணுங்களுக்காக. எதுக்கோ. பூ பூக்கறப்ப தேனீப் பெட்டி கொண்டாந்து வெக்கிறோமே, அது நம்ம மேல ஆசைப்பட்டா வருது? அது வயித்துக்கு அது வருது. காய் பிடிக்குதா இல்லியா?"

கியான்மோதி அடுத்த பெட்டியில் தகட்டை வைத்தாள். அறுநூறில் அது எத்தனையாவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மை போட்டாள். நர்பீர் சிங் நேகி, சுர்னாங்.

கடைசி லாரி போன மறுநாள் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ஆண்கள் கல்தளத்தில். பெண்கள் அக்ரூட் மரத்தடியில். மேளமும் நீளக் கொம்பும் ஒலிக்க, தெய்வத்தின் பல்லக்கை வெளியே கொண்டுவந்தார்கள். வெள்ளி முகங்கள், உச்சியில் சடாமகுடமாகத் தொங்கும் கவரிமா முடி. தெய்வத்துக்குப் பிடித்தமானால் பல்லக்கு முன்னால் குனியும். பிடிக்காவிட்டால் பின்னால் சாயும். தண்டைத் தோளில் வைத்தவர்கள் இருவர்: முன்னால் நர்பீர், பின்னால் தாகுர்சேனின் மகன். அந்த வருஷம் அவர்கள் முறை.

தாகுர்சேன் ஜவ்வரிசி போலச் சிறுத்த அரிசியைத் தூவி, கேள்வியைச் சொன்னார். கோர்ட்டு சொன்ன மாதிரி மகள்களுக்கு நிலம் போகலாமா?

மேளம் வேகமெடுத்தது. பல்லக்கு இரண்டு தடவை குலுங்கி, பின்னால் சாய்ந்தது. கவரிமா முடி சாட்டை போலச் சுழன்றது.

"சொல்லிட்டார்," என்றார் தாகுர்சேன். "இனி பேச்சில்லை."

"மாமா," என்று அக்ரூட் மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசியது தானேதான் என்பது கியான்மோதிக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. "ஒண்ணு கேக்கட்டா?"

மேளக்காரன் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினான்.

"ஜட்ஜு ஏன் சொன்னார், யார் சொல்லச் சொன்னா, அவருக்கு இதுல என்ன லாபம்னு எங்க வீட்டுல உட்கார்ந்து மூணு கிண்ணம் டீ குடிச்சீங்க. நானும் சரிதான்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப தெய்வத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கிறது யாரு மாமா?"

"தெய்வத்தையே சந்தேகப்படறியா நீ?"

"தெய்வத்தை இல்ல மாமா. தோளை."

மரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறிபோல ஒருத்தியிலிருந்து ஒருத்திக்குத் தாவியது. பூப்மணி முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டே, யார் பேசுகிறார்கள் என்று தெரியாத மாதிரிக் கத்தினாள்: "அக்கா தங்கச்சி இல்லாதவன் தூக்கட்டும்!"

"ஆமா! அக்கா தங்கச்சி இல்லாதவன்!"

அமீர்சந்த் எழுந்தார். "கேட்டதுல தப்பில்லியே காரியஸ்தரே. தபால்ல விலாசம் சந்தேகம்னா நாங்க திருப்பி அனுப்பிப் பார்ப்போம்."

எண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்தொரு வீட்டில் அக்கா தங்கை இல்லாத ஆண்கள் இருந்தது ஒரே வீட்டில். மேட்டு வீட்டு ரிஞ்சினின் அம்மா வரிசையாக ஐந்து பையன் பெற்றவள். அந்த ஐந்தில் இரண்டு பேர் ஊரில் இருந்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

நர்பீர் தண்டைக் கீழே இறக்கிவைத்தான். வைத்துவிட்டு விலகி, கல்தளத்துக்கும் மரத்தடிக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சேராமல் நின்றான். தோளைத் தேய்த்துக்கொண்டான். அவன் தன்னைப் பார்ப்பான் என்று கியான்மோதி காத்திருந்தாள். அவன் தெய்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேள்வியை மறுபடி சொன்னார்கள். மேளம் முழங்கியது. ரிஞ்சின் வீட்டுப் பையன்கள் தண்டைப் பிடித்து நின்றார்கள். பல்லக்கு அசையவில்லை. மேளம் இன்னும் வேகமாயிற்று. கொம்புக்காரன் கன்னம் வெடிக்க ஊதினான். பையன்களின் கழுத்தில் வேர்வை வழிந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. காற்றில்லாத மரத்து இலைபோலக் கவரிமா முடி நேராகத் தொங்கியது. வெள்ளி முகங்கள் எல்லோரையும் பார்த்தன.

மேளக்காரனுக்குக் கை ஓய்ந்தது.

"தெய்வம் இதுல பேச விரும்பலை," என்றார் தாகுர்சேன்.

பையன்கள் பயந்துபோய் விறைத்து நின்றார்கள் என்றார்கள் சிலர். அவர்களுக்குத் தோள் பழக்கமில்லை என்றார்கள் சிலர். பல்லக்கு முன்னால் குனிந்திருக்கலாமே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் கியான்மோதிக்கு இருந்தது. ஜட்ஜு கொடுத்தார், தெய்வம் தடுக்கவில்லை. இனிச் சொல்ல வேண்டியவன் ஒருவன்தான் பாக்கி. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பா நடக்கிற மாதிரியே.

அன்று இரவுச் சாப்பாட்டில் ஓக்லா மாவு ரொட்டியும் சர்க்கரைப் பாதாமிக்கொட்டை எண்ணெயும். நர்பீர் இரண்டு ரொட்டியோடு எழுந்துவிட்டான். வழக்கமாக நாலு.

மறுநாள் காலை அமீர்சந்தின் வீட்டு மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, எனக்கு வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்தது. இன்னொன்று வெற்றுக் காகிதம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரம் சரிபார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"வெத்துல எழுதுங்க மாமா."

"யோசிச்சிட்டியாம்மா?"

"முப்பது வருஷமா."

அவர் தேதி போட்டார். ஊர், தாலுகா, தகப்பன் பேர் எழுதினார். "ஹைகோர்ட் ஜட்ஜுக்கு நன்றின்னு ஒரு வரி போடவா? சிலர் போடறாங்க."

"வேண்டாம். அவர் எதுக்கு எழுதினாரோ, அது அவரோட. எனக்குக் கிடைச்ச வரைக்கும் போதும்."

"சட்டப்படி பாதி வரும். பாதின்னு எழுதறேன்."

"கீழ்த்தட்டுன்னு எழுதுங்க. நாப்பது மரம். பதிமூணாவது பனியில போச்சு. முப்பத்தொம்பது."

"பாதியை விட அது கம்மிம்மா."

"நான் வெச்சது அதுதான்."

எழுதினார். பிறகு அவள் சொன்னாள்: "இன்னும் ஒரு வரி. என் தம்பி என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை. இருன்னும் சொன்னதில்லை."

அமீர்சந்த் பேனாவை நிறுத்தினார். "இது தாசில்தாருக்கு எதுக்கு?"

"இருக்கட்டும் மாமா."

"இதுக்குன்னு ஒரு ஃபாரமும் கிடையாது. ஆபீசுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எழுதுங்க."

அவர் எழுதினார். மற்ற வரிகளைவிட அந்த வரியை மெதுவாக எழுதின மாதிரி இருந்தது. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். கியான்மோதி. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு தன் பெயரை அவள் இவ்வளவு பெரிதாக எழுதியதில்லை.

"உறையில பசை செத்துப்போச்சு," என்றார் அமீர்சந்த். "போற வழியில ஏதாவது தடவி ஒட்டு. தபால் பையைப் பஸ் வந்ததும் கட்டிடுவாங்க."

வழியில் சுள்ளி வேலிக்குப் பக்கத்துப் பாதாமி மரத்தில் அம்பர் நிறத்தில் பிசின் வழிந்திருந்தது. ஒரு துளியைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கினாள்.

நர்பீர் அங்கே இருந்தான். மிச்சப் பெட்டிகள் பதினொன்றைப் பஸ் கூரையில் ஏற்ற வந்திருந்தான். பெட்டிகளின் நெற்றியில் அவன் பெயர், அவள் கை. அவளைப் பார்த்தான். கையிலிருந்த உறையைப் பார்த்தான்.

"எழுதியாச்சா?"

"ம்."

"ஒட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

உறையின் வாய் திறந்திருந்தது. அவள் அதை மூடாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிசின் நாக்கில் இளகிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் மரம்தானே அக்கா என்று சொன்னால் போதும். சட்டமும் வேண்டாம், ஜட்ஜும் வேண்டாம், இந்தக் காகிதத்தை இங்கேயே கிழித்துச் சட்லெஜில் விட்டுவிடுவாள். அடுத்த பருவமும் அறுநூறு பெட்டிக்கு அவன் பெயரையே போடுவாள். அவன் நிலத்தைப் பார்த்தான். மேலே, மேகம் இறங்கிய மலையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"மழை வர்ற மாதிரி இருக்கு," என்றான். கோட்டுப் பையில் கைவிட்டு, ஆணி சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, ஆணிகளை இன்னொரு பைக்கு மாற்றிவிட்டு, தாளை உதறி நீட்டினான். "இதுல சுத்திக் குடு. பை கூரையில போகும். நனைஞ்சிடும்."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். பிசினை விரலில் எடுத்து உறையின் ஓரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தாள். மடித்து அழுத்தி, ஒட்டும் வரை கட்டைவிரலால் பிடித்திருந்தாள். பிறகு பிளாஸ்டிக்கில் சுற்றி, தபால்காரன் கயிறு கட்டுவதற்கு முன் பையினுள் கையை முழங்கை வரை விட்டு, அடியில் வைத்தாள்.

பஸ் கிளம்பியது. கூரைமேல் பதினொரு பெட்டிக்கும் நடுவே தபால் பை தெரிந்தது, வளைவு திரும்பும் வரை. நர்பீர் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தூறல் விழுந்தது.